செவுள் புழுவும் எண்ணூர்க் கழிமுகமும்

பாரை மீனின் செவுளில் வாழும் ஒரு தட்டைப்புழுவுக்கு 1951-இல் பெயர் கிடைத்தது: காஸ்ட்ரோகாட்டைல் இண்டிகா. பெயரிட்டவர் சென்னையில் ஆய்வு செய்துவந்த சி. கே. சுபப்ரதா. சென்னைக் கரையோர மீன்களின் குடலிலுள்ள நாடாப்புழுக்களைப் பற்றித் தொண்ணூறு பக்கத்துக்கு மேல் நீளும் கட்டுரை ஒன்றையும் பின்னாளில் அவர் எழுதினார். தமிழ்நாட்டுக் கடல் உயிரியலில் அவர் பெயரை நாம் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் குறை.

அந்தப் பாரைப் புழுவைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது அதன் கோணல். மற்ற பல செவுள் புழுக்களுக்குப் பின்னுடலின் இருபுறமும் கவ்விகள் இருக்கும். இந்த இனத்திலோ கவ்விகள் எல்லாம் ஒரே விளிம்பில் வரிசையாக நிற்கின்றன. மறு விளிம்பு வெறுமை. காரணம் செவுளின் அமைப்பில் இருக்கிறது. மீன் வாய்வழியாக உள்ளே இழுக்கும் நீர், செவுள் வளைவுகளில் சீப்புப் பற்கள்போல் நிற்கும் இழைகளுக்கு ஊடே பாய்ந்து, செவுள் மூடிக்கு அடியில் வெளியேறுகிறது. இந்த ஓட்டம் மீன் உயிரோடிருக்கும்வரை ஒரு கணமும் நிற்பதில்லை. திசையும் மாறுவதில்லை. புழு ஓர் இழையின் பக்கவாட்டில் பற்றிக்கொண்டு, உடலை ஓட்டத்தோடு தொங்கவிடுகிறது. அப்போது இழையைத் தொடுவது ஒரு விளிம்பு மட்டும்தான். மறு விளிம்பில் கவ்வி இருந்தும் பயனில்லை. 1950-களில் பிரிட்டனைச் சேர்ந்த லெவெலின், எந்த மீனின் எந்தச் செவுளில் எந்தப் பக்கமாக எந்தப் புழு அமர்கிறது என்று பொறுமையாகக் குறித்துவைத்து, உடல் வடிவத்துக்கும் நீரோட்டத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை விளக்கினார். புழுவின் உடலைப் பார்த்தே அது வாழ்ந்த செவுளின் நீரோட்டத்தை ஊகிக்க முடியும் என்ற அளவுக்கு அந்தப் பொருத்தம் நெருக்கமானது.

இந்தப் புழுக்களின் குழு மோனோஜீனியா. பெரும்பாலானவை மீன்களின் செவுளிலும் தோலிலும் துடுப்பிலும் வாழும் வெளி ஒட்டுண்ணிகள். இவற்றில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. ஒன்று, பின்னுடல் வட்டில் கொக்கிகளைக் கொண்டு பற்றி, செவுளின் மேல்தோலையும் கோழையையும் மேய்வது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது, வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. மற்றது, துணி காயப்போடும் கிளிப்பை ஒத்த கவ்விகளால் இழையைப் பிடித்துக்கொண்டு இரத்தம் குடிப்பது. சில மில்லிமீட்டர் நீளம்வரை வளரும், வயிற்றில் செரித்த இரத்தம் கருங்கோடுகளாகத் தெரியும். ஒவ்வொரு புழுவிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு.

இவற்றைப் பற்றி மறக்கக்கூடாத செய்தி ஒன்றுதான்: இவற்றின் வாழ்க்கைக்கு இடையில் வேறு எந்த உயிரும் வேண்டியதில்லை. பெரும்பாலான இனங்களில் முட்டை தண்ணீரில் விழுகிறது. அதன் இழை வலையிலோ பாசியிலோ செவுளிலோ சிக்கிக்கொள்கிறது. பொரிந்து வரும் குஞ்சுப்புழு நுண்மயிர்களால் நீந்தி, சில மணி நேரத்துக்குள் தனக்குரிய மீனைக் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மடிகிறது. நாக்கு மீன் வகையில் வாழும் ஒரு புழுவின் முட்டைகள் விடியற்காலையில் பொரிகின்றன என்று ஒட்டுண்ணி ஆய்வாளர் கிரஹாம் கேர்ன் காட்டினார். இரவில் இரைதேடும் அந்த மீன் பகலில் மணலில் படுத்துக் கிடக்கும் நேரம் அது. மீனின் கோழை பட்டாலும் முட்டைகள் பொரியும். மீனின் குடலில் வாழும் டைஜீனியா புழுக்களின் கதை வேறு: அவற்றின் முட்டை தண்ணீரில் விழுந்து, அதன் குஞ்சு ஒரு நத்தைக்குள் புகுந்து பெருகி, பல இனங்களில் இரண்டாவது ஓர் உயிருக்குள்ளும் உறையாகத் தங்கி, அதை மீன் தின்ற பிறகே வளர்ந்த புழுவாகிறது. நத்தை செத்தால் சங்கிலி அறுந்தது. எண்ணூரைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டுக்கு மறுபடி வருவேன்.

தென்னிந்தியக் கடற்கரை மீன்களின் மோனோஜீனியா ஆய்வு நீண்டது, பல ஊர்களில் நடந்தது. பி. எஸ். சௌகான் 1945-இல் பிரைசியா மல்ட்டே என்ற புழுவை விவரித்தார். வஞ்சிரத்தின் செவுளில் இது வாழ்கிறது. திருவனந்தபுரத்துக் கடல் மீன்களில் ஆர். விஸ்வநாதன் உண்ணித்தான் 1957 முதல் தொடர்கட்டுரையாகப் புதிய இனங்களையும், அவற்றின் உறுப்புகள் இயங்கும் விதத்தையும் எழுதினார். விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் ஆர். மாதவி கானாங்கெளுத்தி உட்படப் பல மீன்களின் ஒட்டுண்ணிக் கூட்டங்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் உழைத்தார். சென்னையில் கே. ராமலிங்கம் செய்த பணி எனக்கு மிகவும் பிடித்தது. இனங்களை விவரித்ததோடு அவர் நிற்கவில்லை. இந்தப் புழு முட்டைகளின் ஓடு எப்படிக் கெட்டிப்படுகிறது என்று கேட்டார். பூச்சிகளின் மேலோட்டைப் போலவே ஒட்டுண்ணிப் புழுக்களின் முட்டை ஓடும் குயினோன் பதப்படுதலால் இறுகுகிறது என்பது அன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 1973-இல் வெளியான கட்டுரைகளில் அவர் அதை மறுத்து, புரதங்களிலுள்ள டைரோசின் அலகுகள் ஒன்றோடொன்று பிணைவதே முக்கியம் என்று வாதிட்டார். கடல் நீரில் கைவிடப்படும் முட்டைக்கு அந்த ஓடு ஒன்றே பாதுகாப்பு என்பதால், அந்தக் கேள்வி உயிரியலின் நடுவிலேயே இருக்கிறது.

இப்புழுக்கள் ஆளைப் பார்த்துத்தான் ஒட்டும். பெரும்பாலான இனங்கள் ஒரே மீன் இனத்திலோ, நெருங்கிய உறவுள்ள சில மீன்களிலோ மட்டும் வாழும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு காலை ஏலத்துக்கு வரும் கூடைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறொரு பட்டியல் தெரியும். வஞ்சிரத்தில் பிரைசியா, சூரையில் ஹெக்ஸோஸ்டோமா, மடவையில் லிகோஃபோரஸ், கொடுவாவில் இன்று லாட்டிகோலா என்று வகைப்படுத்தப்படும் சிறு புழு. மீன் இனம் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஒரு மோனோஜீனியா இனம் என்று கணக்கிட்டு, உலகில் ஏறக்குறைய 25,000 இனங்கள் இருக்கலாம் என்று ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த விட்டிங்டன் 1998-இல் மதிப்பிட்டார். பெயர் பெற்றவை அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே.

வாங்குபவர் செவுள் மூடியைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பதற்கும் இந்தப் புழுக்களுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. இரத்தம் குடிக்கும் புழுக்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் செவுள் வெளிறும் என்பது உண்மைதான். ஆனால் சந்தையில் வெளிறிய செவுளுக்குப் பெரும்பாலும் காரணம் மீன் பழசானதுதான். மனித உடலில் இவை வாழ்வதில்லை. செவுளை அறுத்தெறிந்து சமைக்கும் வழக்கமுள்ள நமக்கு இதில் அச்சப்பட ஒன்றுமில்லை.

மீனுக்குத்தான் ஆபத்து, அதுவும் இயல்பு குலையும்போது. காஸ்பியன் கடலிலிருந்து ஒரு ஸ்டர்ஜன் இனத்தை 1930-களில் ஏரல் கடலுக்குக் கொண்டுபோனார்கள். அதன் செவுளில் நிட்ஸ்கியா என்ற புழுவும் போனது. புழுவின் பழைய வீட்டில் பெரிய சேதம் இல்லை. ஆனால் அதை முன்பின் அறியாத ஏரல் கடலின் சொந்த ஸ்டர்ஜன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆஸ்திரேலியாவின் ஹின்சின்புரூக்கில் 2000-ஆம் ஆண்டு, கூண்டில் வளர்த்த கொடுவா மீன்களில் தோலை மேயும் இன்னொரு மோனோஜீனியா பெருகி, ஏறத்தாழ இரண்டு லட்சம் மீன்கள் மடிந்தன. நம் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவாவைப் பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அந்த மீனைக் கூண்டுகளில் நெருக்கி வளர்க்கும் எவரும் செவுள் புழுவோடு கணக்குத் தீர்த்தே ஆகவேண்டும், ஏனென்றால் முட்டை சிக்குவதற்கு வலையைவிட நல்ல இடம் கிடையாது.

வட சென்னைக்கு வருவோம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம்வரை உள்ள இந்தக் கரை, தொழிற்சாலைகளின் கழிவுக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கப்பட்டது. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969 முதல்; எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை; பிறகு வட சென்னை அனல் மின் நிலையமும் வல்லூரும்; 2001-இல் இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகம். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிவதையும், சுடுநீர் கலப்பதையும் கரையோரக் குப்பங்களின் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகில் இரண்டு கப்பல்கள் மோதி, கொட்டிய எரிபொருள் எண்ணெயை எர்ணாவூர்க் கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலி ஆலையிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. குழாய் கரையேறும் இடத்துக் கடல்நீரில் அமோனியா லிட்டருக்கு 49 மில்லிகிராம், அனுமதி அளவு 5 என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது.

எண்ணெயும் அமோனியாவும் மீனில் முதலில் தாக்கும் இடம் செவுள்தான். அப்படியானால் செவுள் புழுவுக்கு என்ன ஆகும்? எளிய விடை: புழு கூடும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிஸ்கேன் விரிகுடாவின் தென்பகுதியில், அமோனியாவும் உலோகங்களும் பூச்சிக்கொல்லிகளும் கலந்த நீரில் பிடித்த மீன்களை ஸ்கின்னர் ஆராய்ந்து 1982-இல் வெளியிட்டார். செவுளில் கோழை மிகுதியாகச் சுரந்து, திசு தடித்திருந்தது, மோனோஜீனியாவும் அதிகம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஆர். ஏ. கானும் கிசெனியுக்கும் காட் மீன்களைப் பெட்ரோலியக் கூறுகள் கலந்த நீரில் வைத்துப் பார்த்தார்கள். செவுளில் கைரோடாக்டைலஸ் புழுக்கள் பெருகின என்று 1988-இல் எழுதினார்கள். மீனின் தற்காப்பு தளர்கிறது, கோழையின் தன்மை மாறுகிறது, மேய்ச்சலுக்கு மேல்தோல் தடிக்கிறது. விளக்கம் ஒத்துப்போகிறது.

ஆனால் நார்வேயில் கதை தலைகீழானது. 1970-களில் அங்கே சால்மன் ஆறுகளில் புகுந்த கைரோடாக்டைலஸ் சலாரிஸ் குஞ்சு மீன்களை அழித்தது. ஆற்றையே நஞ்சிட்டு எல்லா மீனையும் கொன்று ஒழிக்கும் முறையை நார்வே நீண்டகாலம் பின்பற்றியது. அதற்கு மாற்றாகக் கண்டுபிடித்த வழி, அமிலமாக்கிய அலுமினியக் கரைசலை ஆற்றில் கலப்பது. சால்மன் தாங்கும் அளவிலேயே புழு செத்துவிடுகிறது. துத்தநாகமும் இவற்றுக்கு நஞ்சு. அதாவது, மாசு எது என்பதைப் பொறுத்துப் புழு பெருகவும் செய்யலாம், ஒழியவும் செய்யலாம். எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய், அமோனியா, உலோகம், சுடுநீர் எல்லாம் ஒன்றாகக் கலக்கின்றன. சுடுநீர் முட்டையிலிருந்து முட்டைவரையிலான சுற்றை வேகப்படுத்தும். உலோகம் நீந்தும் குஞ்சுப்புழுவைக் கொல்லும். அங்கே பிடித்த ஒரு மடவையின் செவுளில் இருபது புழு இருந்தால் அது நோயா நலமா என்று அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரும் சொல்ல முடியாது. செவுள் புழுவை மாசுமானி என்று எழுதும் கட்டுரைகள் பல இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன.

வழி ஒன்று உண்டு. செவுளை மட்டும் பார்க்காமல் குடலையும் திறக்க வேண்டும். மடவை இதற்குப் பொருத்தமான மீன். அதன் செவுளில் நேரடிச் சுற்று கொண்ட லிகோஃபோரஸ் இருக்கிறது. அதன் குடலில் ஹாப்ளோபோரிட் வகை டைஜீனியா இருக்கும். நத்தையிலிருந்து வெளியேறிய குஞ்சுகள் சேற்றிலும் பாசியிலும் உறையாக ஒட்டியிருக்க, சேறு மேயும் மடவை அவற்றை விழுங்குவதால் வருவது. சேற்று மேட்டின் நத்தைகள் எண்ணெயிலும் சாம்பலிலும் அழிந்தால் குடல் புழு குறையும். செவுள் புழுவுக்கு நத்தையின் சாவு ஒரு பொருட்டல்ல. ஒரே மீனின் இரண்டு இடங்களிலிருந்து எடுத்த இந்த விகிதம், தனித்தனி எண்ணிக்கையைவிட நம்பத்தக்கது. கலிஃபோர்னியாவில் கார்ப்பின்டேரியா சதுப்பைச் சீரமைத்தபோது, சேற்று நத்தைகளுக்குள் டைஜீனியாக் குஞ்சுகள் திரும்பி வருகின்றனவா என்று பார்த்தே சீரமைப்பு பலித்ததா என மதிப்பிட்டார்கள் ஹஸ்பெனியும் லாஃபர்ட்டியும். ஒட்டுண்ணி கூடியதை நற்செய்தியாகக் கொண்ட ஆய்வு அது. பறவையும் மீனும் நத்தையும் எல்லாம் இருந்தால்தான் அந்தப் புழுவுக்குப் பிழைப்பு என்பதால், அவர்கள் கணக்கு சரியானதே. நம் கழிமுகங்களின் சேற்றிலும் அந்த நத்தையின் உறவினம், ஊரிக் கூட்டம், டைஜீனியாக் குஞ்சுகளைச் சுமந்து திரிகிறது.

கணக்கெடுப்பதில் வட சென்னைக்கே உரிய சிக்கல்கள் உள்ளன. காசிமேட்டில் வாங்கிய மீன் காசிமேட்டுக் கடலில் பிடித்தது என்று எண்ணிவிடக்கூடாது. விசைப்படகுகள் பல நாள் தங்கி, ஆந்திரக் கடல்வரை போய்வருகின்றன. அந்த மீனின் செவுளை எண்ணூரின் கணக்கில் எழுதுவது அபத்தம். ஐஸில் கிடந்த மீனில் இன்னொரு சிக்கல்: மீன் செத்ததும் புழுவும் பிடி தளர்ந்து கோழையோடு கழன்றுவிடும், சிறியவை அழுகிக் கரையும். அதனால் அன்றைக்குப் பிடித்த மீன்தான் வேண்டும். செவுள் வளைவுகளை வெட்டி, நீர்த்த ஃபார்மலினில் குலுக்கி, அடியில் தங்குவதை உருப்பெருக்கியில் தேட வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு வாய்ப்பானது என்று நினைக்கிறேன். விசைப்படகுகள் கட்டிக்கிடக்க, கரைக்கு வருவது நாட்டுப்படகிலும் பைபர் படகிலும் பக்கத்துக் கடலிலும் கழிமுகத்திலும் பிடித்த மீன் மட்டுமே. எந்தக் குப்பத்துப் படகு, எந்த இடத்தில் வலை விட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளவும் முடியும்.

ஒப்பிட இன்னோர் இடமும் வேண்டும். வடக்கே பழவேற்காடு இயல்பான தேர்வு. ஆனால் உப்பின் அளவு இந்தப் புழுக்களைப் பெரிதும் பாதிக்கும். வடகிழக்குப் பருவமழையில் கழிமுகத்து நீர் நன்னீராகும்போது கடல் புழுக்கள் உதிரும். அதை மாசின் வேலை என்று எழுதினால் தப்பு. இரண்டு இடங்களிலும் ஒரே வாரத்தில், ஒரே அளவு மீனை எடுக்க வேண்டும். சராசரியையும் நம்பக்கூடாது. ஒட்டுண்ணிகள் மீன்களுக்குள் சமமாகப் பரவுவதில்லை. பல மீன்களில் ஒன்றுமிருக்காது, சில மீன்கள் கூட்டத்தின் பெரும்பங்குப் புழுவைச் சுமக்கும். பத்து மீனில் ஒன்று மட்டும் புழுக்காடாக இருந்து அது தற்செயலாக நம் கூடைக்கு வந்தால், முடிவே மாறிவிடும். அதனால் எத்தனை மீனில் புழு இருக்கிறது என்பதையும், புழு உள்ள மீனில் எத்தனை என்பதையும் தனித்தனியே சொல்வது இத்துறையின் வழக்கம்.

இவை எல்லாம் இன்றைய நிலையைச் சொல்லும். மணலிக்கும் அனல் நிலையங்களுக்கும் முந்திய நிலையோடு எதை ஒப்பிடுவது? அதற்கு விடை அமெரிக்காவின் பியூஜெட் சவுண்டிலிருந்து வந்திருக்கிறது. செல்சி வுட் என்பவரின் குழு, அருங்காட்சியகங்களில் சாராயத்தில் ஊறிய மீன்களைத் திறந்து ஒட்டுண்ணிகளை எண்ணியது. 1880 முதல் 2019 வரை பிடிபட்ட எட்டு இனங்களின் 699 மீன்கள். முடிவுகள் 2023-இல் வெளியாயின. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஓம்புயிர்கள் (ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிர்கள்) தேவைப்படும் ஒட்டுண்ணிகள் பத்தாண்டுக்குச் சுமார் 11 விழுக்காடு என்ற வேகத்தில் குறைந்திருந்தன. கடல்நீர் சூடாவதோடு அந்தச் சரிவு ஒத்துப்போனது. குறைந்த ஓம்புயிர்களே போதும் என்பவற்றில் அப்படிப்பட்ட சரிவு இல்லை. மடவையின் செவுளையும் குடலையும் பற்றி நான் மேலே சொன்ன கணக்கை, நூறாண்டுக்கு மேலாக நீட்டிப் பார்த்தது போலத்தான் அது.

சென்னைக் கடலுக்கும் அப்படிப் பழைய மீன் இருக்கிறது. மதராஸ் படையில் மருத்துவராக இருந்து, பிறகு இந்திய மீன்வளத்தின் தலைமை ஆய்வாளரான பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை 'இந்திய மீன்கள்' என்ற பெருநூலை வெளியிட்டார். மதராஸில் சேர்த்த மீன்கள் அவருடைய தொகுப்பில் நிறையவே உண்டு. அந்த ஜாடிகள் இன்று கொல்கத்தாவிலும் லண்டனிலும் லைடனிலும் சிட்னியிலும் பிரிந்து கிடக்கின்றன. சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கிய அதே காலத்து மீன்கள் அவை. மணலி ஆலை வர இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் இருந்தன. சாராயத்தில் புழு சுருங்கும், ஆனால் கவ்வியும் கொக்கியும் கெடாது. இனம் அறிய அவையே போதும். அருங்காட்சியகத்தார் ஒரு பக்கச் செவுளைத் திறக்க அனுமதித்தால் மீனின் மற்ற பக்கம் பழுதின்றி நிற்கும். குடலைத் திறப்பதற்குத்தான் அவர்கள் தயங்குவார்கள், நமக்கோ இரண்டும் வேண்டும். முதலில் கொல்கத்தாவில் கேட்டுப் பார்க்கலாம். டேயின் மடவைகளில் எத்தனை அங்கே இருக்கின்றன, அவற்றில் எத்தனை இதுவரை வயிறு கிழிபடாதவை என்பதிலிருந்து வேலை தொடங்கும்.